ஒன்றரைக் கோடியை எந்த நூலில் கோப்பது?

அக்கா மகன் போன மாதம் ஒரு சட்டையைக் கொண்டுவந்து மேசைமேல் போட்டான். கறுப்பு நிறம், உடம்போடு ஒட்டும் ரகம். நெஞ்சுக்குக் கீழே உள்பக்கம் சாம்பல் நிறத்தில் இரண்டு பட்டைகள். இடது விலாவில், தீப்பெட்டி அளவுக் கருவி ஒன்றை மாட்ட மூன்று பிரஸ் பட்டன்.

"மாமா, இனிமே இதுதாங்க. போட்டுக்கிட்டா நாடித்துடிப்பு, மூச்சு எல்லாம் போன்ல வந்துரும்."

இருபத்திரண்டு வருடம் பனியன் கம்பெனியில் பையர்களின் ஆர்டரைக் கவனித்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசராக இருந்த கை சும்மா இருக்குமா? சட்டையை உள்பக்கம் திருப்பி, முதலில் வாஷ்கேர் லேபிளைத் தேடினேன். கையால் மட்டும் துவைக்கலாம். பிளீச், டிரையர், அயர்ன், டிரை கிளீன் எதுவும் ஆகாது. ஐந்து படத்தில் நான்கின் மேல் பெருக்கல் குறி.

அவனுக்குத் திருப்பூர் பெருமாநல்லூர் ரோட்டில் அறுபது மெஷின் ஓடும் பனியன் கம்பெனி. ஐரோப்பியப் பையர்கள் இரண்டு பேர். பெரும்பாலும் பருத்தி, 160 முதல் 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) சிங்கிள் ஜெர்சி டி-ஷர்ட். இடம் விற்ற பணமும் பேங்க் லிமிட்டும் சேர்ந்து கையில் ஒன்றரைக் கோடி இருக்கிறது. இதே டி-ஷர்ட்டுக்கு இன்னும் நாற்பது மெஷின் போட அவனுக்கு இஷ்டமில்லை. பங்களாதேஷ் விலையோடு மல்லுக்கட்டி அலுத்துவிட்டான். நோட்டில் நான்கு வழிகளை எழுதி வைத்திருந்தான்: சென்சார் வைத்த உடுப்பு, பேட்டரி இல்லாமலே வேலை செய்யும் துணி, மறுசுழற்சி நூல், கடைசியாகக் கம்ப்யூட்டரில் சாம்பிளும் டிஜிட்டல் பிரிண்டும். அவனோடு இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே கணக்கைப் போட்டுக்கொண்டிருப்பவர்கள் இந்த ஊரில் இன்னும் பலர் இருப்பார்கள்.

சென்சார் சட்டை

இந்த யோசனை புதிது என்று அவன் நினைத்திருந்தான். அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கில் 1996 வாக்கிலேயே சுந்தரேசன் ஜெயராமன் என்ற பேராசிரியரின் குழு இதில் இறங்கிவிட்டது. அவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1976-ல் பி.டெக்கும் 1978-ல் எம்.டெக்கும் முடித்துவிட்டு அங்கே போனவர். போர்க்களத்தில் குண்டடிபட்ட சிப்பாயின் காயம் எங்கே, துடிப்பு எப்படி என்று சட்டையே சொல்ல வேண்டும் என்பது அமெரிக்கக் கடற்படையின் தேவை. துணிக்குள் ஒளியிழையையும் மின்கடத்தும் நூலையும் ஓடவிட்டு 'அணியும் மதர்போர்டு' என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள்.

அதற்குப் பிறகு முப்பது வருடம் ஆகப்போகிறது. நம் தெருவில் எத்தனை பேர் அப்படி ஒரு சட்டை போட்டிருக்கிறார்கள்? பணமும் பெயரும் இல்லாதவர்கள் முயன்றதால் தோற்றது என்று சொல்ல முடியாது. ரால்ஃப் லாரன் கம்பெனி 2014 யு.எஸ். ஓபன் டென்னிஸ் மைதானத்தில் பந்து பொறுக்கும் பையன்களுக்கு வெள்ளியிழைச் சட்டையைப் போட்டுக் காட்டி, மறுவருடம் 295 டாலருக்கு விற்பனைக்கு விட்டது. அது நிலைக்கவில்லை. கூகுளும் லீவைஸும் சேர்ந்து 2017-ல் 350 டாலருக்கு டெனிம் ஜாக்கெட் ஒன்றைக் கொண்டுவந்தன. இடது மணிக்கட்டுப் பட்டியில் மின்கடத்தும் நூலை நெய்திருந்தார்கள். அதைத் தடவினால் பாட்டு மாறும், போன் வந்தால் சொல்லும். நெசவைப் பொறுத்தவரை அருமையான வேலை, மறுக்கவே மாட்டேன். ஆனால் பத்து சலவைதான் தாங்கும் என்று அவர்களே சொன்னார்கள். 2023-ல் கூகுள் அதன் செயலியையும் நிறுத்திவிட்டது. ஜாக்கெட் வெறும் ஜாக்கெட் ஆனது.

எங்கே இடிக்கிறது என்று கேட்டால், மூன்று இடத்தில்.

முதலாவது, தோல். நாடித்துடிப்பின் மின்சாரம் நெஞ்சின் மேல்தோலில் ஒரு மில்லிவோல்ட் அளவுதான் கிடைக்கும். அதைப் பிடிக்க வேண்டிய வெள்ளிப் பட்டை தோலைவிட்டு அரை விரல் விலகினாலும் திரையில் குப்பைதான் வரும். ஆகவே சட்டை இறுக்கமாக இருந்தாக வேண்டும். எஸ், எம், எல், எக்ஸ்எல் என்று நாம் வெட்டும் சைஸ் பத்தாது. தொப்பை இருப்பவருக்கு ஒன்று, நெஞ்சு அகன்றவருக்கு ஒன்று என்று சைஸ் பெருகும், சைஸ் பெருகினால் ஸ்டாக் தேங்கும். வியர்வை வரும்வரை உலர்ந்த பட்டை சரியாகப் பேசவும் பேசாது.

இரண்டாவது, துணியும் உலோகமும் சேரும் இடம். நூல் வளையும், சர்க்யூட் வளையாது. பிரஸ் பட்டன் இருக்கும் அந்த ஓர் அங்குலத்தில்தான் எல்லாம் அறுந்துபோகும். வெள்ளி பூசிய நைலான் நூலுக்குப் பிளீச் எதிரி, உரசலும் எதிரி. அவன் கொண்டுவந்த சட்டையை "நம்ம வீட்டு வழக்கப்படி துவைச்சுப் பாப்போம்டா" என்று வாங்கி வைத்துக்கொண்டேன். மற்றத் துணியோடு சேர்த்து மெஷினில் போட்டு, மொட்டை மாடி வெயிலில் காயவைத்தோம். இரண்டு வாரத்தில் அது என் நாடியை இருநூற்றுப் பத்து என்று காட்டியது. நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவதுதான் பெரியது. கைக்கடிகாரம் ஒன்றை வாங்கினால் எந்தச் சட்டைக்கும் அது பொருந்தும். சென்சார் சட்டை ஒன்றை வாங்கினால் திங்கள்கிழமைக்கு மட்டும் ஆகும். வாரம் முழுக்கத் தெரிய வேண்டுமென்றால் ஐந்தாறு வாங்க வேண்டும். ஆப்பிள் கடிகாரம் 2018-லேயே இசிஜி எடுக்கும் அனுமதி வாங்கிவிட்டது, ஃபின்லாந்தின் ஊரா மோதிரம் விரலிலேயே தூக்கத்தை அளக்கிறது. மணிக்கட்டும் விரலும் போதும் என்று ஜனங்கள் முடிவெடுத்த பிறகு சட்டையை யார் தேடுவார்கள்?

தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். போட்டுக்கொள்பவர் ஒருவர், காசு கொடுப்பவர் வேறொருவர் என்ற இடங்களில் இது ஓடுகிறது. கனடாவின் விண்வெளி நிறுவனம் மான்ட்ரியால் கம்பெனி ஒன்றின் சென்சார் சட்டையைத் தன் வீரர் டேவிட் செயின்ட்-ஜாக்கிடம் கொடுத்து, 2019 வாக்கில் சர்வதேச விண்வெளி நிலையத்திலேயே போட வைத்தது. ராணுவம், தீயணைப்பு, ஆஸ்பத்திரி ஆராய்ச்சி, விளையாட்டு அணி எல்லாம் இதே வரிசை. இவர்கள் சீசன் ஆர்டர் போடுபவர்கள் இல்லை, டெண்டர் விடுபவர்கள். டெண்டருக்கு வேண்டிய காகிதம் பெருமாநல்லூர் ரோட்டில் கிடைக்காது. புளூடூத் இருந்தால் ரேடியோ சான்றிதழ், லித்தியம் பேட்டரி இருந்தால் அதை அனுப்புவதற்கென்று தனிச் சோதனை, 'நோயைக் கண்டுபிடிக்கும்' என்று ஒரு வார்த்தை போட்டால் 2017 மருத்துவக் கருவி விதிகளின்படி லைசென்ஸ். ஓட்டைக்கும் கறைக்கும் ஏக்யூஎல் (எத்தனை குறைவரை ஏற்கலாம் என்ற அளவு) பார்க்கிற நம் செக்கிங் பிள்ளைகள் கையில் மல்டிமீட்டரையா கொடுப்பது?

"அப்ப இது வேண்டாங்கறீங்களா மாமா?"

முழுச் சட்டை வேண்டாம் என்றேன். அந்தச் சாம்பல் பட்டையை மட்டும் இன்னொரு தடவை பார் என்றேன். அது தைத்ததா, ஒட்டியதா, பின்னியதா? திருப்பிப் பார்த்தான். துணியோடு சேர்த்தே பின்னியிருந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பேட்டரி இல்லாத புத்திசாலித் துணி

2022 பாரிஸ் ஃபேஷன் வாரத்தில் ஒரு மாடலின் உடம்பில் நேரடியாகத் திரவத்தைப் பீய்ச்சி மேடையிலேயே கவுன் ஆக்கிக் காட்டினார்கள். உலகமே பார்த்தது, அதை யாரும் கடையில் வாங்கிப் போடவில்லை. அதற்கு எத்தனையோ வருடம் முன்னால், 2003-ல், யூனிக்லோ கம்பெனி ஜப்பானின் டோரே நிறுவனத்தோடு சேர்ந்து ஹீட்டெக் என்ற உள்பனியனைக் கொண்டுவந்தது. அதில் ஒயர் கிடையாது. உடம்பு விடுகிற ஈரத்தையே சூடாக்கிக்கொள்ளும் இழை, காற்றைப் பிடித்து வைக்கும் மெல்லிய பின்னல், அவ்வளவுதான். மேடை ஏறாத அந்தப் பனியன்தான் கோடிக்கணக்கில் விற்றது. ஃபேஷனின் எதிர்காலம் என்று பேசுகிறவர்கள் எதைப் பார்க்கிறார்கள், கடையில் பில் போடுகிறவர்கள் எதை எடுக்கிறார்கள் என்பதில் இவ்வளவு தூரம்.

இந்த வழியில் நிறையக் கிளைகள் உண்டு. வியர்வையை இழுத்து வெளியே பரப்பும் பாலியஸ்டர்: இழையின் குறுக்குவெட்டு உருண்டையாக இல்லாமல் வாய்க்கால் வாய்க்காலாக இருக்கும், 1980-களில் டூபாண்ட் கூல்மேக்ஸ் என்று கொண்டுவந்த சங்கதி. அடுத்தது நாற்றம் தடுக்கும் ஃபினிஷ், அதற்கடுத்து வெயில் தடுக்கும் பின்னல். கூடவே மெழுகை நுண்ணுருண்டைகளாகத் துணியில் ஏற்றும் 'வெப்பம் தாங்கும்' துணி. இந்தக் கடைசியைச் சந்தேகத்தோடு பாருங்கள். உருகும்போது சூட்டை வாங்கி, உறையும்போது திருப்பிக் கொடுக்கும் மெழுகு அது. குளிர்நாட்டில் வீட்டுக்கும் தெருவுக்கும் போய்வருகிறவனுக்குச் சரி. மே மாதச் சென்னையில் ஒருமுறை உருகினால் அது எங்கே போய் உறையும்?

இழையிலேயே இருக்கும் குணத்தையும் மேலே பூசும் குணத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி ஏமாற்றத்தைத் தவிர்க்கலாம். பூசியது சலவையில் இறங்கும். பையர் இருபது சலவைக்குப் பிறகு டெஸ்ட் கேட்டால் துணியை உலர்த்தி ஃபினிஷ் ஏற்றும் ஸ்டென்டர் மெஷினில் கொடுத்த கெமிக்கல் பதில் சொல்லாது, இழை சொல்லும். தண்ணீர் ஒட்டாத ஃபினிஷில் இன்னொரு கண்ணி இருக்கிறது. அந்த வேலைக்குப் பல வருடமாகப் பயன்பட்ட பிஎஃப்ஏஎஸ் ரசாயனங்களை உடுப்பில் கலிஃபோர்னியா 2025 ஜனவரியிலும் பிரான்ஸ் 2026 ஜனவரியிலும் தடைசெய்துவிட்டன. பழைய ரெசிபியை நம்பிக் கண்டெய்னர் ஏற்றினால் துறைமுகத்தில் நிற்கும்.

நம் ஊருக்கு இதில் ஒரு தனிக் கணக்கு உண்டு. அதை யாரும் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் குறை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன நாள் இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கும். நொய்யலையும் ஒரத்துப்பாளையம் அணையையும் நாசமாக்கியது சாயம் மட்டும் இல்லை, உப்பு. பருத்திக்கு ரியாக்டிவ் சாயம் ஏற வேண்டுமென்றால் கிலோ கிலோவாக உப்புக் கொட்டியாக வேண்டும். இன்று சொட்டுக் கழிவுநீர்கூட வெளியே விடாமல் சுத்திகரிக்கிறோம் என்றால், செலவில் பெரும்பங்கு அந்த உப்பை நீரிலிருந்து பிரிப்பதில்தான் போகிறது. பாலியஸ்டரின் டிஸ்பர்ஸ் சாயத்துக்கு உப்பே வேண்டாம். அதற்குப் பதில் 130 டிகிரியில் பிரஷர் போட்டுச் சாயம் ஏற்ற வேண்டும், கரண்டும் விறகும் எகிறும். இழை உருகும்போதே நிறத்தைச் சேர்த்துவிடும் டோப்-டை நூலை எடுத்தால் சாயப்பட்டறைக்கே போக வேண்டியதில்லை.

பருத்தி ஊர் பாலியஸ்டருக்குப் போவதா என்று பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். உலகம் உடுத்தும் இழையில் பாதிக்கு மேல் ஏற்கெனவே பாலியஸ்டர். நமக்குக் கோடை ஆர்டர் முடிந்தால் சில மாதம் மெஷின் தூங்குகிறது. குளிர்கால, விளையாட்டு உடுப்பு கையில் இருந்தால் அந்த மாதங்கள் நிரம்பும். அதேசமயம் துணியிலிருந்து உதிரும் பிளாஸ்டிக் தூசு நீருக்குப் போகிறது என்பதும் உண்மை. இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

கஷ்டம் தையலில் வரும். பருத்தி தைத்துப் பழகிய டெய்லர் இழுபடும் லைக்ராத் துணியைத் தொட்டால் முதல் மாதம் ஊசி சூடாகி இழை உருகும், ஓட்டை விழும், விளிம்பு அலை அலையாக இழுபடும். பால்-பாயிண்ட் ஊசி, தையலைத் தட்டையாகப் போடும் நான்கு ஊசி ஆறு நூல் ஃபிளாட்சீம் மெஷின், அதற்கேற்ற ஃபோல்டர் எல்லாம் வேண்டும். பீஸ் ரேட்டில் இருப்பவர்கள் வேகம் குறையும்போது கோபப்படுவார்கள். அந்த மூன்று மாதச் சம்பளத்தையும் முதலீட்டில் சேர்த்துக் கணக்குப் போடச் சொன்னேன். அவன் நோட்டில் அது இல்லை.

போட்டியாளர் யார் என்பதும் முக்கியம். துணியில் தைவான்காரர்களைத் தாண்டுவது எளிதல்ல. உடுப்பில் பக்கத்திலேயே இலங்கையின் எம்ஏஎஸ் கம்பெனி இருக்கிறது. உள்ளாடையில் தொடங்கி ட்வைனரி என்று தனிக் கண்டுபிடிப்புப் பிரிவே நடத்துகிறார்கள், ஒளிரும் ஓட்ட உடுப்புவரை செய்து பார்த்துவிட்டார்கள். அவர்களிடம் இருக்கும் பணம் நம்மிடம் இல்லை.

மறுசுழற்சி

கட்டிங் வேஸ்டைப் பிய்த்துப் பஞ்சாக்கி ஓஇ (ஓபன்-எண்ட்) முறையில் நூல் நூற்பது திருப்பூருக்குப் புதிதா என்ன? வெளிநாட்டுக்காரன் அதற்கு அழகான பெயர் வைப்பதற்கு முன்பே நம் ஊரில் வேஸ்ட் வியாபாரி நிறம் நிறமாகப் பிரித்து மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். பாட்டிலிலிருந்து பாலியஸ்டர் எடுப்பதும் அப்படித்தான். 2023 பிப்ரவரியில் பிரதமர் நாடாளுமன்றத்துக்குப் போட்டுவந்த நீல நிற மேலங்கியின் துணி கரூரில் செய்யப்பட்டது என்று பேப்பரில் வந்ததே.

இதில் மெஷின் வாங்கி இறங்க ஒன்றரைக் கோடிக்காரருக்கு இடமில்லை. பழைய பருத்தியைக் கரைத்துப் புது இழைக்கான கூழாக்கும் ஆலை வைத்த ஸ்வீடனின் ரீநியூசெல், பெரிய பிராண்டுகள் பாராட்டிக்கொண்டிருக்கும்போதே 2024 பிப்ரவரியில் திவாலானது. பாராட்டியவர்கள் யாரும் போதுமான அளவு ஆர்டர் போடவில்லை. பிறகு வேறு முதலாளி வாங்கி ஆலைக்கு உயிர் கொடுக்கப் பார்க்கிறார்.

ஆனால் காகித வேலை தப்பாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024/1781 எண்ணுள்ள சூழல்-வடிவமைப்புச் சட்டம் 2024 ஜூலையில் அமலுக்கு வந்துவிட்டது. உடுப்புக்கு டிஜிட்டல் பாஸ்போர்ட் அதன் வழியாக வரப்போகிறது. நூல் எங்கே நூற்றது, எங்கே சாயம் போட்டது, என்ன இழை எத்தனை சதவீதம் என்று ஸ்கேன் பண்ணினால் தெரிய வேண்டும். இதற்கு ஆகும் செலவு லட்சங்களில் முடியும். ஒரு படித்த பெண், லாட் நம்பர் தவறாமல் எழுதும் பழக்கம், இன்ன இழை, இன்னாரிடமிருந்து வந்தது என்று காட்டும் டிரான்ஸாக்ஷன் சர்டிஃபிகேட் இல்லாமல் நூல் வாங்க மாட்டேன் என்கிற பிடிவாதம், இவை போதும். நாளைக்குப் பையரே கேட்கப்போகிறான் என்பதால் இதை நான் தனி வழியாகவே எண்ணவில்லை. எந்த வழியில் போனாலும் செய்ய வேண்டியது.

ஒரு முரண்பாட்டையும் சொல்லிவிட வேண்டும். நூறு சதவீதப் பருத்தி டி-ஷர்ட்டைத் திரும்பப் பிய்க்கலாம். பாலியஸ்டரில் லைக்ரா கலந்தால் அது சிக்கல். வெள்ளி நூலும் பிரஸ் பட்டனும் சர்க்யூட்டும் சேர்ந்த சட்டையை எந்த வேஸ்ட் வியாபாரியும் மூட்டையில் சேர்க்க மாட்டார். சென்சாரும் மறுசுழற்சியும் ஒரே கண்காட்சியில் பக்கத்துப் பக்கத்து ஸ்டாலில் இருக்கின்றன, இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதில்லை.

நான்காவது வழியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கம்ப்யூட்டரில் முப்பரிமாணச் சாம்பிள் காட்டினால் புரோட்டோ சாம்பிளில் இரண்டு சுற்றுக் கூரியர் மிச்சம். பேட்டர்ன் மாஸ்டரின் மகனே கற்றுக்கொள்வான், வாடகை மென்பொருள் போதும். டிஜிட்டல் பிரிண்ட் மெஷின் நல்லதுதான். ஆனால் அது தினமும் ஓட வேண்டும், ஓடாவிட்டால் ஹெட் அடைத்துக்கொண்டு செலவு வைக்கும். சொந்தமாக ஆன்லைன் விற்பனை இல்லாதவர் வெளியே கூலிக்கு, அதாவது ஜாப் ஒர்க்குக்கு, கொடுத்துவிடலாம்.

நான் சொன்னது

அந்தச் சாம்பல் பட்டைக்குத் திரும்புகிறேன். அதைப் பின்னியது சீம்லெஸ் மெஷின். உடம்பு அளவிலேயே குழாயாகப் பின்னிவரும், பக்கத் தையல் கிடையாது, கட்டிங் வேஸ்ட் மிகக் குறைவு. ஒரே துணியில் அக்குளில் காற்றோட்டப் பின்னல், இடுப்பில் இறுக்கம், முதுகில் மென்மை என்று இடத்துக்கு இடம் மாற்றலாம். இத்தாலியின் சான்டோனிதான் இதில் பெரிய பெயர், சீன மெஷின்களும் வந்துவிட்டன. இன்று இதில் விளையாட்டு உடுப்பும் உள்ளாடையும் பின்னலாம். பின்னொரு நாள் ஆஸ்பத்திரிக் கருவி செய்கிற கம்பெனி எவனாவது "நெஞ்சில் இந்த இடத்தில் மட்டும் வெள்ளி நூல் பட்டை வேண்டும், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று வந்தால், அதே மெஷினில் நூல் ஊட்டும் ஒரு ஃபீடரில் நூலை மாற்றினால் போதும். சர்க்யூட், பேட்டரி, லைசென்ஸ் எல்லாம் அவன் தலைவலி. விலையுயர்ந்த வெள்ளி நூலை வெட்டி வீணாக்கவும் வேண்டியதில்லை.

அதனால் என் ஓட்டு இரண்டாவது வழிக்கு, அதுவும் சீம்லெஸ் வாசல் வழியாக. பணத்தில் பாதிக்குமேல் மெஷினில் போடாதே என்றேன். ஏனென்றால் ஒரு சைஸுக்கு ஒரு சிலிண்டர் விட்டம், எஸ் முதல் எக்ஸ்எல் வரை பின்ன ஒரு மெஷின் பத்தாது. புரோகிராம் எழுதத் தெரிந்த டெக்னீஷியன் இல்லாவிட்டால் அது துருப்பிடிக்கும் அலமாரி. ஊரில் அப்படிப்பட்டவர்கள் குறைவு, சம்பளம் கூடுதல், அடுத்த கம்பெனி கூப்பிட்டால் போய்விடுவார்கள். பையரிடமிருந்து எழுத்தில் ஆர்டர் வராமல் மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது. இப்போதிருக்கும் டி-ஷர்ட் லைனைத் தொடவே கூடாது, முதல் ஒன்றரை வருடம் வீட்டுக்கு அரிசி அதிலிருந்துதான் வரும்.

நான் சொன்னது எல்லோருக்கும் பொருந்தாது. பங்காளிகள் மூன்று பேர் சேர்ந்து பத்துக் கோடி வைத்திருந்தால் டோப்-டை பாலியஸ்டர் நிட்டிங்கைப் பற்றிப் பேசியிருப்பேன். இருபது மெஷின் ஜாப் ஒர்க் யூனிட் என்றால் எதையும் வாங்காமல் ஃபிளாட்சீம் நான்கு மட்டும் போடச் சொல்லியிருப்பேன்.

அவன் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. சென்சார் சட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான். போகும்போது, "ரெண்டு மெஷின் இருக்கிற யூனிட் ஒண்ணு தெரியுங்க மாமா. அங்க ஜாப் ஒர்க்குல நூறு பீஸ் பின்னிப் பாத்துட்டு வரட்டுங்களா?" என்றான். நூலை நீயே வாங்கிக் கொடு, எத்தனை பீஸ் ரிஜெக்ட் ஆகிறது என்று அங்கேயே உட்கார்ந்து எண்ணு என்று சொல்லி அனுப்பினேன். வியாழக்கிழமை போகிறான்.